நித்தம் தூணி நெல்

அன்புள்ள சார்,

வணக்கம். பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா ரைஸ் மில் வைத்திருந்தார். மில் நின்று 15 வருஷம் ஆகிறது. மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பது 60-க்கு 35 அடியில் ஒரு தகரக் கொட்டகை, நெல் ஊறப்போடும் சிமெண்ட் தொட்டிகள் நாலு, வெளியே நெல் காயப்போடும் களம். நான் புதுச்சேரியில் நாடகம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து அந்தக் கொட்டகையைப் பரிசோதனை நாடகங்களுக்கான சின்ன அரங்காக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இதுவரை இரண்டு நாடகம் போட்டோம். முதல் நாடகத்துக்கு 90 பேர் வந்தார்கள், பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள். இரண்டாவது வசனமே இல்லாத 50 நிமிட நாடகம். அதற்கு 22 பேர். முடிந்ததும் டீக்கடை அண்ணன் எழுந்து, "அவ்வளவுதானாம்மா?" என்று கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே நாடகத்தில் இன்னொரு கூத்து. முன்பு எங்கள் மில்லில் வேலை பார்த்த ஒரு பாட்டி வந்து, நேராகப் போய் தொட்டிச் சுவர்மேல் உட்கார்ந்துகொண்டார். நடிகர் நிற்கவேண்டிய இடம் அது. எழுந்திருக்கச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசிவரை அவரைச் சுற்றித்தான் ஆடினோம்.

மாமா அந்த இடத்தைக் கல்யாண மண்டபமாக்கலாம் என்கிறார். சென்னை நண்பர்கள், "தஞ்சாவூர் ஜில்லாவுல கச்சேரி கேப்பாங்க, நாடகமா பாக்கப் போறாங்க? இங்க வந்துரு" என்கிறார்கள். இங்கே இப்படி ஓர் அரங்கு நிற்குமா? ஜனங்களுக்குப் பிடித்ததைக் கொடுக்கவேண்டுமா, நமக்குச் சரியென்று பட்டதைச் செய்யவேண்டுமா? லைட்டுக்கும் நாற்காலிக்கும் ஒரு பெரிய தொகை தேவைப்படுகிறது. எங்காவது நல்கை (கிராண்ட்) கேட்டு எழுதலாமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தை நேற்று இரவு படித்தேன், காலையில் காப்பி குடித்துக்கொண்டே இன்னொரு தடவை படித்தேன். கேள்விகளை வரிசையாக எடுத்துப் பதில் சொல்ல எனக்கு வராது. எங்கே கை போகிறதோ அங்கே ஆரம்பிக்கிறேன்.

முதலில் சென்னை நண்பர்கள். அவர்கள்மேல் கோபம் வேண்டாம், கதை தெரியாமல் பேசுகிறார்கள். 1891-ல் தஞ்சாவூரிலிருந்து கோவிந்தசாமி ராவ் என்பவர் தம்முடைய மனமோகன நாடகக் கம்பெனியைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார். தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்துக்கொண்டிருந்த 18 வயதுப் பையன் ஒருவர் அதைப் போய்ப் பார்த்தார். பார்த்த சூட்டில் அதே வருஷம் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். அந்தப் பையன்தான் பம்மல் சம்பந்த முதலியார். படித்தவர்கள் மேடையேறலாம், அது கௌரவக் குறைச்சல் இல்லை என்று சென்னைக்குத் தோன்றியதே ஒரு தஞ்சாவூர்க் கம்பெனியைப் பார்த்த பிறகுதான்.

அப்புறம் 1977. சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழு. அதை ஆரம்பித்தவர்களில் முதன்மையானவர் ந. முத்துசாமி, நம்ம பக்கத்துப் புஞ்சை கிராமத்துக்காரர். அவருடைய கதைகளைப் படித்துப் பாருங்கள், சென்னையில் உட்கார்ந்துகொண்டு புஞ்சையின் தெருவையும் குளத்தையுமே எழுதிக்கொண்டிருந்தார். இந்திரா பார்த்தசாரதி கும்பகோணத்துக்காரர். 'ஔரங்கசீப்', 'நந்தன் கதை', 'ராமானுஜர்' என்று எழுதி நவீன நாடகத்துக்கு முதுகெலும்பு கொடுத்தவர். இன்னும் பின்னே போனால் மராட்டிய ராஜா ஷாஹஜி, பாத்திரங்கள் ஐந்து மொழிகளில் பேசும்படி ஒரு நாடகமே எழுதினார், 'பஞ்சபாஷா விலாசம்' என்று. இன்றைக்கு ஒருவர் அப்படிச் செய்தால் பத்திரிகையில் பரிசோதனை முயற்சி என்று அரைப்பக்கம் வரும்.

ஆக, விதைநெல் இங்கே இருந்துதான் போயிருக்கிறது. விதைநெல்லைக் கொடுத்துவிட்டு நாம் ஏன் பத்தாயத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் கேள்வி. ரசனைக் குறைவு என்று ஒரு பதில் இருக்கிறது. சோம்பேறிப் பதில் அது. என்னிடம் வேறொரு பதில் இருக்கிறது. அதற்குப் பெரிய கோயிலுக்குப் போகவேண்டும்.

அங்கே இரண்டாம் ராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று. வைகாசிப் பெருந்திருவிழாவில் 'இராசராசேசுவர நாடகம்' ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பவனுக்கும், அவனுக்குப் பிறகு அவன் வம்சத்தாருக்கும் நிவந்தம், அதாவது கோயில் மானியம், எழுதி வைத்திருக்கிறார்கள். விஜயராஜேந்திர ஆசாரியன் என்று அவனுக்குப் பட்டம் வேறு. எவ்வளவு? நித்தம் ஒரு தூணி நெல், வருஷத்துக்கு 120 கலம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். தூணி என்றால் நாலு மரக்கால். மூன்று தூணி ஒரு கலம். 360 நாளைக்கு 120 கலம். நம் ஊர்ப் பழக்கத்தில் இரண்டு கலம் ஒரு மூட்டை என்று வைத்துக்கொண்டால் 60 மூட்டை. அன்றைய மரக்காலும் இன்றைய மரக்காலும் ஒன்றா என்பது வேறு பேச்சு. பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலுக்குப் பெயரே ஆடவல்லான், அதாவது நடராஜர், என்பதைமட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? நாடகம் வைகாசியில், திருவிழாவுக்கு. நெல் வருஷம் முழுக்க, நித்தம். ஆடுகிற நாளுக்குக் கூலி என்று அவர்கள் எழுதவில்லை. ஆடாத நாளில் அவன் சாப்பிட்டால்தான் ஆடுகிற நாளில் ஆட முடியும் என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது. இன்னொன்று. அந்த நாடகத்தின் பிரதி நமக்குக் கிடைக்கவில்லை. கதை என்ன, பாட்டு உண்டா, எத்தனை பேர் ஆடினார்கள், ஒன்றும் கையில் இல்லை. நாடகம் போய்விட்டது, நாடகக்காரனின் சாப்பாட்டுக் கணக்குமட்டும் கல்லில் நிற்கிறது.

அதனால் உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். லைட்டுக்கும் நாற்காலிக்கும் என்று நல்கை கேட்காதீர்கள். கேட்டால் ஆறு பேருக்குப் படியளக்கக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் கொட்டகையின் நீள அகலம் இருக்கிறது, தொட்டி எத்தனை என்று இருக்கிறது. அந்த ஆறு பேர் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. ஒருவர் கூரியர் கம்பெனியில், ஒருவர் தனியார் பள்ளியில், ஒருவர் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, இப்படித்தான் இருக்கும். நானும் அப்படி ஒரு குழுவில் இருந்திருக்கிறேன். எங்கள் குழு கலைந்ததற்குக் கொள்கைச் சண்டை காரணம் என்று வெளியே சொல்லிக்கொண்டோம். உண்மையில் மூன்று பேருக்குக் கல்யாணம் ஆனது, இரண்டு பேருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. ஒத்திகைக்கு ஆள் இல்லை.

கூத்துப்பட்டறையின் நல்ல காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டு அறக்கட்டளையின் நல்கை வந்தபோது முழுநேர நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்க முடிந்தது. காலையில் வந்து உடம்பைப் பழக்கி, சிலம்பம் சுற்றி, குரல் பழகி, கூத்து கற்று, மத்தியானம் பிரதி படிக்கிற மாதிரி ஒரு வாழ்க்கை சாத்தியமானது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று எத்தனை பேர் அங்கிருந்து வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போய் நடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அப்புறம் எல்லோரையும் சினிமா கொண்டுபோய்விட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் புலம்பல் பிடிக்காது. படியளக்கிற இடத்துக்குத்தான் ஆள் போவான். போகக் கூடாது என்று சொல்கிறவர் அளந்துவிட்டுச் சொல்லட்டும்.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பார்கள். நம் காலத்தில் அது தலைகீழ். கூடம் நேராக இருக்கிறது, குளிர்சாதனம்கூட இருக்கிறது, ஆடுவதற்குத்தான் ஆள் இல்லை. தஞ்சாவூரில் மட்டும் எத்தனை இடம். 1981-ல் வந்த தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையே இருக்கிறது. பேராசிரியர் சே. இராமானுஜம் 2016-ல் இறக்கும்வரை இதே ஊரில்தான் இருந்தார். கிரேக்க நாடகத்தின் ட்ரோஜன் பெண்கள் நம் ஒப்பாரியில் அழுதால் எப்படி இருக்கும் என்று 'வெறியாட்ட'த்தில் காட்டியவர் அவர். 1986-ல் வந்த தென்னகப் பண்பாட்டு மையத்துக்குத் தலைமையிடம் இந்த ஊர். இடத்துக்கும் குறையில்லை, ஆசானுக்கும் குறையில்லை. ஒரு நடிகர் பத்து வருஷம் இங்கேயே இருந்து வேலை செய்வதற்கான ஏற்பாடுதான் இல்லை.

ஆகவே சின்னதாகத் தொடங்குங்கள். ஆறு பேர் வேண்டாம், இரண்டு பேருக்குமட்டும் மாதாமாதம் கொடுக்க முடியுமா பாருங்கள். டிக்கெட் கட்டாயம் போடுங்கள், 50 ரூபாயானாலும் சரி. சொந்தக்காரர்களுக்கும் டிக்கெட். மாமாவுக்கு இரண்டு டிக்கெட். அறுப்பு முடிந்ததும் ஊரில் நாலு வீட்டில் ஆளுக்கு ஒரு மூட்டை நெல் கேட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள். கோயில் திருவிழாவுக்கு வரி கொடுக்கிற ஊர், கேட்கிற விதத்தில் கேட்டால் கொடுக்கும். பணமாகக் கேட்டால் யோசிப்பார்கள், களத்தில் நெல்லாகக் கேட்டால் கை தானாக அளந்துவிடும்.

காலத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் இரண்டாவது நாடகத்தை எந்த மாதம் போட்டீர்கள் என்று எழுதவில்லை. புரட்டாசியாக இருக்கும் என்று என் ஊகம். நடவும் களையுமாக ஊர் குனிந்து நிற்கிற மாதத்தில் 22 பேர் வந்ததே ஜாஸ்தி. நான் ஒருமுறை ஐப்பசியில் ஒரு தகரக் கொட்டகையில் நாடகம் போட்டேன். மழை வந்தது. நடிகரின் வாய் அசைந்தது, சத்தம் தகரத்துடையது. ஏழு பேர் பார்த்தார்கள், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

தஞ்சாவூர் பக்கத்து மேலட்டூரில் ராத்திரி முழுக்க ஆடும் நாட்டிய நாடகமான பாகவத மேளா எப்போது? நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ. இராசராசேசுவர நாடகம்? வைகாசி. தற்செயல் இல்லை. தையில் சம்பா அறுத்தாகிவிட்டது, கையில் காசு இருக்கிறது, ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் வர இன்னும் நாள் இருக்கிறது. மாசியிலிருந்து ஆனிவரை ஐந்து மாதம், அதுதான் டெல்டாவின் நாடகக் காலம். மாதம் ஒரே நாள், உதாரணமாக இரண்டாவது சனிக்கிழமை, இடி விழுந்தாலும் மாறக்கூடாது. மீதி ஏழு மாதம் கொட்டகைக்குள் பழகுங்கள். நித்தம் தூணி நெல்லின் அர்த்தம் அந்த ஏழு மாதம்தான்.

நேரம்? கடைசி டவுன் பஸ்ஸைக் கேட்டுக்கொண்டு வையுங்கள். 2004-ல் பெங்களூரில் வந்த ரங்க சங்கரா என்ற நாடக அரங்கில் நாடகம் தொடங்கியபின் வந்தால் யாராயிருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். நல்ல விதி, எனக்குப் பிடித்த விதி. ஆனால் பெங்களூர்க்காரர் தாமதமாக வந்தால் ஆட்டோவில் திரும்பிவிடலாம். உங்கள் ஊருக்கு பஸ் தாமதமாக வந்தால் அது பார்வையாளரின் குற்றம் இல்லை. பஸ் வந்து நின்றதும் ஒரு தடவை பறை அடித்துத் தொடங்குங்கள். நாடகம் தொடங்க அடிக்கிற மூன்றாவது மணி உங்களுக்கு பஸ்தான்.

எதிரொலி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தகரமும் சிமெண்டும் சேர்ந்தால் பேச்சு உடைந்துபோகும். அதற்கென்று விலைகூடிய பலகையெல்லாம் வாங்காதீர்கள். பழைய சணல் சாக்குகளைப் பிரித்து, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். மில்லில் சாக்குக்கா பஞ்சம்? கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டால் சாக்கிலேயே ஒரு உலகம் செய்துகொடுப்பார்கள். சாப்பாடு போட்டு, பஸ் காசு கொடுத்துக் கூப்பிடுங்கள், சும்மா கூப்பிடாதீர்கள்.

இப்போது டீக்கடை அண்ணன். "அவ்வளவுதானா?" என்ற கேள்விக்காக நீங்கள் தூங்காமல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் உங்களைக் குறை சொன்னதாக நான் நினைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் நாடகம் என்றால் ராத்திரி முழுக்க. தஞ்சாவூரைச் சுற்றியுள்ள சில கிராமங்களில் இரணியன் நாடகம் விடிய விடிய நடக்கிறது. மேலட்டூரில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு முன்னால் பந்தல். பெருமாளை எழுந்தருளப் பண்ணி மேடைக்கு நேர் எதிரே வைத்துவிடுவார்கள். முதல் பார்வையாளர் அவர், நாமெல்லாம் நடுவில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறவர்கள். முதலில் கோமாளி வேஷக்காரன் கோணங்கி வந்து குதிப்பான். பெண் வேஷமெல்லாம் ஆண்களே கட்டுவார்கள். பாட்டு தெலுங்கு. எனக்குப் பாதி புரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமிக்கும் புரியாது. புரியவில்லை என்று ஒருத்தரும் எழுந்துபோகவில்லை. நள்ளிரவுக்குமேல் குழந்தைகள் மடியில் சாய்ந்துவிடும். விடியும் நேரத்தில் தூண் பிளக்கிற கட்டம் வரும்போது அம்மாக்கள் அவர்களைத் தட்டி எழுப்புவார்கள். நரசிம்ம முகமூடி, கோயிலில் வைத்துப் பூஜை செய்கிற முகமூடி. கட்டுகிறவர் விரதம் இருந்து கட்டுகிறார். அவர் ஆவேசம் வந்து பாயும்போது நாலைந்து பேர் பிடித்துக்கொள்ளவேண்டும். அந்த நேரத்தில் நான் ஒரு தடவை முன்வரிசையில் இருந்தேன். கலையை ரசித்தேன் என்று சொல்லமாட்டேன். பயந்தேன்.

அந்த மாதிரி ராத்திரிகளைக் கண்ட ஊரில் 50 நிமிடத்தில் லைட்டைப் போட்டால் "அவ்வளவுதானா" என்று கேட்காமல் என்ன செய்வார்? அவர் இன்னும் உட்காரத் தயாராக இருந்திருக்கிறார், நீங்கள்தான் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டீர்கள். வசனம் இல்லாதது அவருக்குத் தடையாக இருந்திருக்காது. புரியாத பாஷையில் ராத்திரி முழுக்க உட்காரும் சனம் இது. அடுத்த தடவை நாடகம் முடிந்ததும் டீ போட்டு, நடிகர்கள் வேஷம் கலைக்காமல் வந்து உட்கார்ந்து பேசுங்கள். டீயை அவரிடமே வாங்குங்கள், காசு கொடுத்து.

பிடித்ததைக் கொடுப்பதா, சரியென்று பட்டதைச் செய்வதா என்பதற்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. அவருக்குப் பிடித்தது எதுவென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் தெரியும் என்று நினைத்து ஒருமுறை பட்ட பாட்டைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில், நம் பக்கத்து டவுன் ஒன்றில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நாடகம் போட்டோம். ரொம்பக் கனமான நாடகம், இருட்டும் முனகலும். ராத்திரி ஒன்பதரைவரை நேரம் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பதே காலுக்கு யாரோ எல்லா ட்யூப்லைட்டையும் போட்டார்கள். மறுநாள் முகூர்த்தத்துக்குக் காய்கறி வந்துவிட்டது. சமையல்காரர்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு மேடையின் குறுக்காக வரிசையாக நடந்து போனார்கள். எங்கள் கதாநாயகன் செத்துக் கிடக்கிறான். கடைசிச் சமையல்காரர் அவனைப் பார்த்துத் தயங்கி, தாண்டக் கூடாது என்று சுற்றிக்கொண்டு போனார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அன்றைக்கு மேடையில் நடந்ததிலேயே உயிரோடு இருந்தது அந்தச் சமையல்காரரின் தயக்கம்தான். அதை எழுத எனக்கு வரவில்லையே என்று வருஷக்கணக்கில் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

கல்யாண மண்டபமாக்கலாம் என்கிற மாமாவிடம் இந்தக் கதையைச் சொல்லவேண்டாம். இரண்டையும் சேர்த்தே நடத்தலாமே என்பார்.

கடைசியாக அந்தப் பாட்டி. கடிதத்தில் 'இன்னொரு கூத்து' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதமே அதுதான். அவர் அந்தத் தொட்டிச் சுவரில் ஏன் உட்கார்ந்தார் என்று கேட்டீர்களா? அந்தத் தொட்டியில் எத்தனை மூட்டை ஊறும், தண்ணீரை எப்போது திறந்துவிடவேண்டும், அவிந்ததா இல்லையா என்று எந்த மணிக்கு நெல்லை நசுக்கிப் பார்க்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். விடியற்காலையில் அவித்த நெல்லைக் களத்தில் கொட்டுவார்கள். ஆவி பறக்கும். அது ஆறுகிறவரை காத்திருந்து, பெண்கள் வரிசையாக நின்று காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்து நெல்லைத் துழாவிவிடுவார்கள். களத்தின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி, விட்ட கோட்டுக்குப் பக்கத்தில் அடுத்த கோடு. உழுத வயல் மாதிரி களம் முழுக்கக் கோடுகள். சின்னப் பையனாக ஒரு மில் வாசலில் நின்று மணிக்கணக்கில் அதைப் பார்த்திருக்கிறேன். குதிகால் அழுந்தாது, விரல்கள் விரியும், இடுப்பு அசையாது. வசனம் இல்லாத நாடகத்துக்கு உடல்மொழி தேடி நீங்கள் புதுச்சேரிவரை போனீர்கள். அது உங்கள் களத்திலேயே நடந்திருக்கிறது. அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரி வந்து உட்கார்ந்தபோது எழுந்திருக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

கோபத்தில் சொல்லவில்லை. நானும் எழுந்திருக்கத்தான் சொல்லியிருப்பேன்.

பெரிய கோயில் கல்வெட்டை இவ்வளவு நேரம் புகழ்ந்தேன். அதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பொய்யன். இந்த மண்ணில் நெல் அளந்த மரக்கால் எல்லோருக்கும் ஒரே மாதிரி அளக்கவில்லை. 1968-ல் அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதில் வளர்ந்த பகைதான் டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தது. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். நந்தன் வெளியே நின்ற ஊரும் இதே சோழநாடுதான். யார் பந்தலுக்குள், யார் பந்தலுக்கு வெளியே என்று பிரித்து உட்காரவைத்த பழக்கம் நம் பழைய கூத்து ராத்திரிகளிலும் இருந்தது. அதனால்தான் உங்கள் கொட்டகையில் நாற்காலி வேண்டாம் என்கிறேன். ஒரு மட்டமான தரை, கோரைப்பாய், ஓரத்தில் முட்டி வலிக்காரர்களுக்கு நாலு பெஞ்சு. முன்வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் யார் உட்காருவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

வங்காளத்து நாடகாசிரியர் பாதல் சர்க்கார் எழுபதுகளில் மேடையை விட்டு இறங்கினார். ஓர் அறைக்குள் பார்வையாளர்களின் நடுவிலேயே நடிகர்கள் நடமாடும்படி ஆடினார். 1980-ல் அவர் சென்னையில் நடத்திய பட்டறை நம் வீதி நாடகக்காரர்கள் பலருக்குத் திருப்பம். உங்களை அப்படிச் செய்யச் சொல்லவேண்டியதில்லை. பாட்டியைச் சுற்றி ஆடினீர்களே, அன்றைக்கே செய்துவிட்டீர்கள்.

ஹெக்கோடு போய்வந்தால் நல்லது. கர்நாடகத்தில் சாகர் பக்கம் பாக்குத் தோட்டக்காரர்களின் சின்ன ஊர். அங்கே 1949-ல் தொடங்கிய நாடக அமைப்பு நீநாசம், கே.வி. சுப்பண்ணா வளர்த்தெடுத்தது. 1980-ல் நாடகப் பள்ளி, 1985-ல் 'திருகாட்ட' என்ற ஊர்சுற்றும் குழு. ஷேக்ஸ்பியரும் பிரெக்டும் கன்னடத்தில் அங்கே சர்வசாதாரணம். போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அடுக்களையைப் பாருங்கள், எத்தனை பேருக்கு உலை வைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.

போலீஸ் அனுமதி பற்றி உங்கள் நண்பர்கள் பயமுறுத்தினால் ஒரு தகவல். 1954-ஆம் வருஷத்து நாடக நிகழ்ச்சிச் சட்டத்தைக் காட்டி முன்கூட்டியே பிரதியைக் கொடு என்று கேட்கும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பிரிவுகளைச் செல்லாது என்றது. ஸ்பீக்கர் கட்டினால், கூட்டம் சேர்ந்தால் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது ஊரோடு ஒத்துப் போகிற காரியம், அவ்வளவுதான்.

'கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்' என்று என் அப்பா அடிக்கடி சொல்லுவார். ஒருவனுக்கு விடியவேண்டும், ஒருவனுக்குப் பொழுது சாயவேண்டும். உங்கள் கொட்டகையின் வாசல் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.

பாட்டியைப் போய்ப் பாருங்கள். நாடகத்தில் நடிக்கவாருங்கள் என்று கேட்காதீர்கள், ஓடிவிடுவார். நெல் துழாவக் கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள். கற்றுக்கொடுத்தால் அதற்கும் படியளந்துவிடுங்கள். தொட்டி நாலில் ஒன்றைக்கூட இடிக்கவேண்டாம்.

மாசியில் தேதி குறித்ததும் எழுதுங்கள். கும்பகோணம் வரை ரயில் உண்டு, அங்கிருந்து பஸ்ஸில் வந்துவிடுவேன். எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வையுங்கள், பணம் வாசலில் தருகிறேன். முட்டி வலி எனக்கும் உண்டு, பெஞ்சில் ஓர் ஓரம் போதும்.

அன்புடன்.